இருக்கைக்கு அடியில் எட்டுப் புட்டி: பாய்மரப் படகில் மதுப்பெட்டி கட்டும் முறை

மதுப்புட்டி உடைவதற்கு முன் ஆடுகிறது. ஆட அரை அங்குல இடம் கிடைத்தால் போதும், பக்கத்துப் புட்டியோடு மோதும். மோத மோதக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு ஒருநாள் பெரிய அலை எதுவும் இல்லாமலே கழுத்து முறியும். அதனால் இங்கே விவரிக்கும் பெட்டியின் அளவு, பொருள், பூட்டு எல்லாமே ஒரே கேள்வியிலிருந்து புறப்படுகின்றன: புட்டி அசையவே தொடங்காதபடி எப்படிப் பிடிப்பது?

சிங்கப்பூர்க் கடலில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. லாசரஸ் தீவை ஒட்டி நங்கூரம் போட்டிருக்கும்போது காற்றலை அதிகம் இருக்காது. ஆனால் கடந்து போகும் ஃபெர்ரியும் இழுவைப் படகும் கிளப்பிவிடும் அலை பக்கவாட்டில் வந்து மோதும், படகு ஐந்தாறு தடவை சட்சட்டென்று இரு பக்கமும் உருளும். பாய் விரித்துப் போகும்போது படகு ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே நிற்பதால் புட்டியும் ஒரு பக்கம் ஒதுங்கி அமைதியாக இருக்கும். நங்கூரத்தில் வரும் உருளல்தான் புட்டிக்கு எமன். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும், அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் எல்லாரும் படுக்கையில் இருப்பார்கள். மேசைமேல் விட்ட புட்டியைப் பிடிக்க ஆள் இருக்காது.

இடம்

படகின் உள்ளே உட்காரும் அறையான கூடத்தின் சுவரில் தேக்குச் சட்டம் அடித்துப் புட்டிகளை வரிசையாக நிறுத்துவது பார்க்க அழகுதான். ஆனாலும் வேண்டாம். உயரம் கூடக்கூட ஆட்டத்தின் வீச்சும் கூடும். மேல்தளத்தை ஒட்டிய இடம் வெயிலில் கொதிக்கும். உடைந்தால் சரக்கும் கண்ணாடித் துண்டும் கூடம் முழுக்கத் தெறிக்கும்.

சரியான இடம் படகின் நடுப்பகுதியில், நீர்மட்டத்துக்குக் கீழே, கூடத்து இருக்கையின் அடிப்பெட்டி. அங்கே முன்னும் பின்னுமான எழுச்சி குறைவு. நம் கடல்நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி செல்சியஸில் இருப்பதால், நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் உடற்பகுதிக்குப் பக்கத்தில் வெப்பம் அதைவிடப் பெரிதாக ஏறாது. மூடிக்கிடக்கும் கூடத்தின் மேற்பாதியோ மதிய வெயிலில் அதைவிட வெகுவாகச் சூடாகிவிடும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம் தீ. 40 சதவீத ஆல்கஹால் உள்ள விஸ்கி, ரம், வோட்கா எல்லாம் ஏறத்தாழ 26 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். ஐரோப்பாவில் குளிர்ந்த படகில் உடைந்த புட்டியால் தரைதான் நனையும். ஒரு பாகைக்கும் சற்றே வடக்கில் உள்ள நமக்கு எல்லா நாளும் அந்த வெப்பநிலையைத் தாண்டிய நாள்தான். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடம் தேடிப்போய்த் தங்கும். ஆகவே இஞ்சின் அறை, பேட்டரி, கேஸ் அடுப்பு, தண்ணீர் இறைக்கும் பம்ப் இவை உள்ள அறையோடு காற்று கலக்காத அடிப்பெட்டியாகப் பார்க்க வேண்டும். இருக்கைக்கு அடியில் பேட்டரி இருந்தால் எதிர்ப்பக்க இருக்கைக்குப் போங்கள்.

அளவு

முதலில் புட்டிகளை அளக்க வேண்டும், பிறகுதான் பலகை. வழக்கமான 750 மில்லி நேர்த்தோள் வைன் புட்டியின் விட்டம் ஏறத்தாழ 75 முதல் 76 மிமீ, உயரம் 300 மிமீ. ஷாம்பெயின் புட்டி 88 மிமீ வரை வரும். ஒரு லிட்டர் மதுப்புட்டிகள் பிராண்டுக்கு ஒரு வடிவம். வட்டமானவை பெரும்பாலும் 80க்கும் 90க்கும் இடையில் இருக்கும். சதுரப் புட்டியைப் பக்கத்தில் அளந்தால் ஏமாறுவோம், மூலைக்கு மூலை அளக்க வேண்டும்.

இந்தப் பெட்டி ஒரு லிட்டர் புட்டி எட்டுக்கு, நான்கு நீளத்தில், இரண்டு அகலத்தில். உள்ளே இரண்டு அடுக்குத் தட்டு. ஒவ்வொரு தட்டிலும் 102 மிமீ துளை எட்டு. துளை மையத்துக்கும் அடுத்த மையத்துக்கும் 115 மிமீ. இடையில் 13 மிமீ பலகை மிஞ்சும். அதற்குக் குறைந்தால் துளைக்கும்போதே பிளக்கும். ஓரங்களில் 14 மிமீ விட்டால் உள் நீளம் 475 மிமீ, உள் அகலம் 245 மிமீ. கீழ்த்தட்டு அடிப்பலகையிலிருந்து 50 மிமீ உயரத்தில், மேல்தட்டு 180 மிமீ உயரத்தில், அதாவது பெரும்பாலான ஒரு லிட்டர் புட்டிகளின் தோளுக்குச் சற்றுக் கீழே. உள் உயரம்: மிக நெட்டையான புட்டி 320 மிமீ என்றால், அடியில் விரிக்கும் ஃபோம் மெத்தை 10, பெட்டி மூடியின் உட்புற மெத்தை 30, அதில் அழுத்தத்துக்காக 5 கழித்து, 355 மிமீ.

துளை புட்டியைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று தோன்றலாம். புட்டியைப் பிடிப்பது பலகை அல்ல. ஒவ்வொரு தட்டின் மேலும் 10 மிமீ கனமுள்ள ஈவிஏ ஃபோம் விரிப்பு ஒட்டி, அதில் 70 மிமீ துளை மட்டும் வெட்டி, துளை விளிம்பிலிருந்து வெளிநோக்கி எட்டுக் கீறல், ஒவ்வொன்றும் 15 மிமீ. புட்டியை இறக்கும்போது இந்த எட்டு இதழும் வளைந்து இறுக்கிக்கொள்ளும். 76 மிமீ வைன் புட்டியும் 90 மிமீ ரம் புட்டியும் ஒரே துளையில் ஆடாமல் நிற்கும். துளையைப் புட்டியின் அளவுக்கே வெட்டி உள்விளிம்பில் ஃபோம் துண்டு ஒட்டும் முறையை நிறையப் படகுகளில் பார்க்கலாம். 9 மிமீ விளிம்பில் பசைக்குப் பிடிப்பு இல்லை. சில மாதத்தில் துண்டு உரிந்து புட்டியோடு வந்துவிடும்.

பொருள்

பக்கம், மூடி, தட்டுகளுக்கு 9 மிமீ மரைன் பிளைவுட் அரைத் தாள், அதாவது 1220க்கு 1220 மிமீ. அடிக்கு 12 மிமீ துண்டு ஒன்று. பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை உள்ளதைக் கேளுங்கள். சுங்கை காடுட் மரக்கடைகளில் மெராந்தி முகப்புள்ள மரைன் பிளைவுட் கிடைக்கும். வெட்டு விளிம்பைப் பார்த்து நடு அடுக்குகளில் ஓட்டை இல்லாததை எடுக்க வேண்டும். எப்பாக்சி, அதாவது ரெசினும் ஹார்ட்னரும் கலந்து இறுகவைக்கும் பிசின், முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை. நம் வெப்பத்துக்கு மெதுவாக இறுகும் ஹார்ட்னர்தான் சரி. வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசினுக்கு 209 ஹார்ட்னர் என்றால் கன அளவில் மூன்றுக்கு ஒன்று. 205, 206 ஹார்ட்னர் என்றால் ஐந்துக்கு ஒன்று. இந்த விகிதத்தைக் குழப்பினால் பிசின் பல நாள் ஆனாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. பசையைக் கெட்டிப்படுத்த சிலிக்கா தூள் ஒரு சிறு டப்பா.

திருகு, தாழ்ப்பாள், கீல் எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்டுவேர் கடைகளில் வாங்கும்போது கடைக்காரர் 304 ரகத்தைத் தலையில் கட்டிவிடக்கூடும். அது உப்புக்காற்றில் பழுப்புக் கறை கட்டும். திருகுத் தலையில் ஏ4 என்று பொறித்திருந்தால் அது 316 வகை. கட்டுவதற்கு 25 மிமீ பாலியெஸ்டர் பட்டை இரண்டு. நைலான் பட்டை ஈரத்தில் நீளும்; மாலையில் இறுக்கியது காலையில் தளர்ந்திருக்கும். ஃபோம் விரிப்புக்கு மூடிய கண்ணறை உள்ள ஈவிஏ யோகா விரிப்பு ஒன்றே போதும். மெத்தைக்கடைப் பாலியூரித்தேன் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாறும்.

வெட்டுதல், ஒட்டுதல்

102 மிமீ துளை ரம்பத்தை டிரில்லின் குறைந்த கியரில், பக்கக் கைப்பிடி பொருத்தி ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் பாதி ஆழம் வெட்டி, நடுத்துளை மறுபக்கம் எட்டியதும் பலகையைத் திருப்பி மீதியை வெட்டினால் விளிம்பு சிம்பு கிளம்பாது. சதுரப் புட்டிக்கு ஓரத்துத் துளை இரண்டை மட்டும் ஜிக்சாவால் சதுரமாக்கி, ஃபோமில் குறுக்காக எக்ஸ் வடிவக் கீறல் போடலாம்.

ஒட்டுவதற்கு முன் எல்லாத் துண்டுக்கும் ஒரு கை எப்பாக்சி பூசுங்கள். வெட்டு விளிம்பும் துளையின் உள்விளிம்பும் பிசினைக் குடித்துக்கொண்டே இருக்கும். குடிப்பது நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை பூச வேண்டும். பிளைவுட் அழுகத் தொடங்குவது எப்போதும் விளிம்பில்தான். கலந்த பிசினைக் கிண்ணத்திலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும், உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். மழை வரப்போகும் பிற்பகலில் பூச வேண்டாம். ஈரக்காற்றில் இறுகும் எப்பாக்சியின் மேல் மெழுகு போல வழுவழுப்பான படலம் படியும். தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு அதைக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலம் கீறலுக்குள் இறங்கி மேல்பூச்சு உரியும். முதல் பூச்சு விரல்தடம் பதியும் ஆனால் கையில் ஒட்டாது என்ற பதத்தில் அடுத்த பூச்சைப் போட்டால் இந்த வேலையே இல்லை. மொத்தம் மூன்று பூச்சு.

சுவர்களை அடிப்பலகையில் நிறுத்தி, சிலிக்கா கலந்த கெட்டிப் பிசின் தடவி, 25 மிமீ திருகால் பிடித்துவிட்டு, உள்மூலை முழுக்க விரல் வளைவில் பிசின் மெழுக வேண்டும். இந்த மெழுகல் பலத்துக்கு மட்டும் இல்லை. அடியில் வடிகால் துளை போடவே கூடாது. பெட்டியின் அடிப்பகுதி தொட்டியாக நிற்க வேண்டும். ஒரு லிட்டர் புட்டி முழுதாக உடைந்தாலும் இந்த அகலத்துக்கு ஆழம் ஏறத்தாழ 9 மிமீதான். துளை இருந்தால் அது படகின் அடிக்குழிக்கு, பம்ப் இருக்கும் இடத்துக்கு ஓடிவிடும். காற்றோட்டத்துக்குக் குறுகிய பக்கச் சுவர்களில், மேல்விளிம்பிலிருந்து 60 மிமீ கீழே, 20 மிமீ துளை மும்மூன்று போதும்.

மேல்பூச்சுக்கு இரட்டைக்கலவைப் பாலியூரித்தேன் பெயின்ட். பழைய மரவேலைப் பழக்கத்தில் ஷெல்லாக் பூசினால் சிந்தும் விஸ்கியே அதைக் கரைத்துவிடும்; ஷெல்லாக்கைக் கரைக்கப் பயன்படுத்துவதே ஆல்கஹால்தான். மூடியில் அக்ரிலிக் கண்ணாடி பதித்தால் உள்ளே பார்க்கலாமே என்ற யோசனையும் வேண்டாம், ஆல்கஹால் பட்ட அக்ரிலிக்கில் நுண்விரிசல் வலை பின்னும்.

தட்டுகள் உட்கார 15 மிமீ சட்டங்களைச் சுவரில் ஒட்டி, தட்டுகளை அவற்றின்மேல் திருகால் மட்டும் பிடியுங்கள். ஒட்டிவிட்டால் உடைந்த புட்டியின் துண்டுகளை எடுக்கக் கை நுழையாது. அடி மெத்தையையும் ஒட்டாமல் விடுங்கள். குள்ளமான புட்டிக்கு 95 மிமீ வட்டமாக வெட்டிய ஃபோம் வில்லைகளை அடியில் அடுக்கி உயர்த்தி, எல்லாப் புட்டியின் மூடிக்கும் மேல்மெத்தை 3 முதல் 5 மிமீ அழுத்தம் கொடுக்கும்படி சரிசெய்ய வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்தால் படகு தலைகீழாகச் சாய்ந்தாலும் புட்டி வெளியே வராது.

படகில் பொருத்துதல்

காலிப் பெட்டி 5 கிலோவைத் தாண்டும். நிரம்பிய எட்டுப் புட்டி 13 கிலோ. 18 கிலோ பக்கவாட்டில் உதறும்போது அதன் இரண்டு மடங்கு இழுவையைத் தாங்கும்படி கட்டுங்கள்.

படகின் உடற்சுவரில் திருகு போடக் கூடாது, நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு திருகும் கூடாது. 30 மிமீ சதுரக் கெட்டிமரக் கட்டை இரண்டை உடற்சுவரின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கி, அந்த இடத்துப் பெயின்ட்டை 80 எண் உப்புத்தாளால் ஃபைபர்வரை தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, கெட்டிப் பிசினில் உட்காரவைத்து, மேலே 75 மிமீ கண்ணாடியிழை நாடா இரண்டு அடுக்கு. பெயின்ட்டின் மேலேயே ஒட்டினால் பிடிப்பு பெயின்ட்டின் பிடிப்பாகத்தான் இருக்கும். கட்டைக்கடியில், உடற்சுவரில் படியும் வியர்வைநீர் ஓடும் வழியை அடைக்காதீர்கள். பெட்டிக்கும் உடற்சுவருக்கும் இடையில் 15 மிமீ விட வேண்டும். கட்டைகளில் பட்டை கோர்க்கும் எஃகு வளையங்களைத் திருகி, இரண்டு பட்டையையும் மூடிக்கு மேலாக எடுத்து இறுக்குங்கள். மூடிக்கு காந்தப் பிடிப்பும் சிறு உருண்டை அழுத்திப் பிடிக்கும் பிடிப்பும் போதாது. நெம்பி இறுக்கும் தாழ்ப்பாள் இரண்டும் பூட்டு மாட்ட ஒரு கொண்டியும் வேண்டும். நங்கூரம் பிடித்து நின்ற பிறகே சாவி வெளியே வரட்டும், படகு ஓட்டுபவர் கையில் கிளாஸ் இருக்கக் கூடாது.

உள்ளே போகும் புட்டி

அட்டைப்பெட்டியைத் துறையிலேயே கழித்துவிட்டுப் புட்டியை மட்டும் ஏற்றுங்கள். அட்டையின் நெளிவுக்குள் கரப்பான் முட்டை வரும், ஒருமுறை ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. ஈரத்தில் லேபிள் உரிந்து கூழாகி பம்பின் வடிகட்டியை அடைக்கும். அகலமான ஒட்டுநாடாவை லேபிளைச் சுற்றி ஒரு சுற்று ஒட்டிவிடலாம். மேலிருந்து பார்க்கும்போது தெரிவது மூடி மட்டுமே என்பதால் பெயரை மூடியில் எழுதுங்கள், எழுத்தின் மேலும் நாடாத் துண்டு ஒன்று. மார்க்கர் மை ஆல்கஹாலில் அழியும்.

தக்கை போட்ட விஸ்கி நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்கவைத்தால் கடுமையான சரக்கு தக்கையை அரித்துப் பொடிக்கும். வைன் தக்கைக்கு இது நேர்மாறு, படுத்திருந்தால்தான் காயாது. வைனுக்கு 3 அங்குல பிவிசி குழாய்: வெளி விட்டம் 89 மிமீ, உள் விட்டத்தைக் கடையிலேயே காலிப்பரால் பார்த்து 78க்குக் குறையாததாக எடுங்கள். 330 மிமீ நீளத்தில் வெட்டி, பின்முனை மூடி, உள்ளே 15 மிமீ ஃபோம் வட்டு, வாயில் குறுக்கே எலாஸ்டிக் கயிறு. முன்னும் பின்னுமாகப் படுக்கவையுங்கள். குறுக்காக வைத்தால் ஒவ்வொரு உருளலுக்கும் புட்டி குழாய்க்குள் ஓடி முட்டும். எப்படி வைத்தாலும் 29 டிகிரியில் நல்ல வைன் தாங்காது, சில வாரத்தில் குடித்துவிடக்கூடியதையே ஏற்றுங்கள். பையில் அடைத்த 3 லிட்டர் வைனைத்தான் படகுக்கு நாம் பரிந்துரைப்போம்: கண்ணாடி இல்லை, குடிக்கக் குடிக்கப் பை சுருங்குவதால் காற்று நுழைவதில்லை. ஷாம்பெயினுக்குள் ஏறத்தாழ 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. அதைப் படகில் விட்டுப்போகாமல் அன்றன்றே ஐஸ் பெட்டியில் கொண்டுவருவதே முறை.

பியர் டின் அடிக்குழியில் கிடக்கக் கூடாது. உப்புநீரில் மெல்லிய அலுமினியத்தில் ஊசித்துளை விழுந்து, ஒன்று கசிந்தால் பக்கத்து டின்களும் நனையும். துளையுள்ள பிளாஸ்டிக் கூடை, டின்களுக்கிடையில் துணி.

உடைந்தால்

முதலில் அடுப்பை அணையுங்கள். மின்சுவிட்ச் எதையும் தட்ட வேண்டாம். மேல்கதவுகளைத் திறந்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் விஸ்கியோடு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் 20 சதவீதமாகி, ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 36 டிகிரிக்கு ஏறும். மூன்று லிட்டர் சேர்த்தால் 10 சதவீதம், 49 டிகிரி. அதன் பிறகு தட்டுகளைக் கழற்றி, பெரிய துண்டுகளைக் கையுறையோடு எடுத்து, பொடிக்கு ஈரமாக்கிய ரொட்டித் துண்டை ஒற்றியெடுங்கள். அடி மெத்தையை வெளியே கொண்டுபோய் உதற வேண்டும், கண்ணாடிப் பொடி அதில்தான் ஒளிந்திருக்கும்.

எல்லை தாண்டினால்

இந்தோனேசியாவின் பத்தாம் தீவிலுள்ள நொங்சாவுக்கோ மலேசியாவின் தியோமான் தீவுக்கோ போகும் படகில் இந்தப் பெட்டியின் பூட்டுக்கு இன்னொரு வேலை வரும். படகில் உள்ள மதுவைப் புட்டி வாரியாக எழுதிய பட்டியல் ஒன்றை மூடியின் உட்புறம் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தால் சுங்க அதிகாரி கேட்கும்போது பெட்டியைக் கலைக்க வேண்டியதில்லை. சீல் வைக்கச் சொன்னாலும் கொண்டி தயார். சிங்கப்பூருக்குத் திரும்பி வரும்போது தீர்வை விலக்கு மலேசியாவிலிருந்து வருபவருக்குக் கிடையாது. மற்ற இடங்களிலிருந்து என்றாலும் 18 வயது நிரம்பி, 48 மணி நேரமாவது வெளியே இருந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் தலைக்கு 2 லிட்டர்தான் உச்சவரம்பு, அதில் விஸ்கி போன்றவை ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. ஆகவே சனிக்கிழமை காலை போய் ஞாயிறு மாலை திரும்பும் படகுக்கு விலக்கே இல்லை. விலக்கு இல்லாத விஸ்கி, வைன் போன்றவற்றில் உள்ள ஆல்கஹால் லிட்டருக்கு 88 சிங்கப்பூர் வெள்ளி தீர்வை; 40 சதவீத ஒரு லிட்டர் புட்டிக்கு அது 35.20 வெள்ளி, அதற்கு மேல் பொருள் சேவை வரி. தீவுக் கரையில் இறங்கிக் குடிப்பதற்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு: பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை மது அருந்தச் சட்டம் இடம் தராது.

பராமரிப்பு அதிகமில்லை. மாதம் ஒருமுறை தாழ்ப்பாளையும் கீலையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், பட்டையை ஒரு இழுப்பு இறுக்குங்கள். ஃபோம் இதழ்கள் தளர்ந்து புட்டி கையால் தள்ளினாலே ஆடுகிறது என்றால் விரிப்பை உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும். அதற்காகவே யோகா விரிப்பில் மிஞ்சும் துண்டைப் பெட்டிக்குப் பின்னால் செருகி வையுங்கள்.